உத்தரவாதம் முடிந்தால் உரிமையும் முடிந்துவிடுமா?

மொன்றியல் மாநகரின் வடக்கே, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில், சலாபெரி வீதியை அண்டிய அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் எம்மவர் குடும்பமொன்று வசிக்கின்றது. குடும்பத் தலைவர் இரவு வேலைக்குச் செல்பவர். அவரது வேலை முடியும் அதிகாலை மூன்று மணிக்கு மெற்றோ ஓடுவதில்லை. ஆகவே கார் அவருக்கு ஆடம்பரப் பொருளன்று; அரிசியைப் போல, வாடகையைப் போல ஓர் அத்தியாவசியம்.

சென்ற மாரிக்கு முன்னர் சீட்டுக் காசை எடுத்து, பழைய கார்களை விற்கும் வியாபாரி ஒருவரிடம் 11,000 டொலருக்குக் கார் ஒன்றை வாங்கினார். நான்கு வருடப் பழையது. 70,000 கிலோமீற்றர் ஓடியது. மூன்றாவது மாதத்தில் கியர் பெட்டி செயலிழந்தது. வியாபாரியிடம் சென்றபோது, "ஒரு மாத உத்தரவாதம் முடிந்துவிட்டது, நான் பொறுப்பில்லை" என்ற ஒரேயொரு வசனமே பதிலாகக் கிடைத்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். வேறொரு கராஜில் 3,800 டொலர் கொடுத்துத் திருத்தினார். முன்கூட்டிய மதிப்பீட்டை எழுத்தில் பெறவில்லை. கழற்றிய பாகத்தையும் கேட்கவில்லை. இப்போது இரண்டாவது சீட்டுக் கட்டுகின்றார். "என்ன செய்யிறதண்ணை, வறண்டி முடிஞ்சுபோச்சு" என்று அவர் கூறியபோது, அந்தச் சொற்களில் கோபம்கூட இருக்கவில்லை. அதுவே என்னை இதனை எழுதத் தூண்டியது.

வியாபாரி கூறியதில் பாதி உண்மை. கியூபெக் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இத்தகைய காருக்கு வியாபாரி வழங்கவேண்டிய உத்தரவாதம் ஒரு மாதம் அல்லது 1,700 கிலோமீற்றர் மாத்திரமே. ஆனால் 1978 இல் நிறைவேற்றப்பட்ட அதே சட்டத்தின் 38 ஆம் பிரிவு வேறொன்றையும் கூறுகின்றது. விற்கப்படும் பொருள், அதன் விலையையும் பாவனை நிலைமைகளையும் கருத்திற் கொண்டு, நியாயமான காலத்திற்கு உழைக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். சாதாரண பரிசோதனையில் தென்படாத மறைந்த பழுதுகளுக்காக வியாபாரியின் மீதோ உற்பத்தியாளர் மீதோ வழக்குத் தொடரவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. இதற்கு எவரும் தனியாகப் பணம் செலுத்த வேண்டியதில்லை. கடதாசியில் அச்சிடப்பட்ட உத்தரவாதம் முடிந்த பின்னரும் இந்தச் சட்ட உத்தரவாதம் நிற்கின்றது.

இவ்வுரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1967 இல் புதிய ஓல்ட்ஸ்மொபில் கார் ஒன்றை வாங்கிய ஒருவர், பலமுறை திருத்தியும் பழுது தீராததால் வழக்குத் தொடுத்தார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979 இல் நீதிமன்றம் அந்தத் தனி மனிதரின் பக்கமே தீர்ப்பளித்தது. உத்தரவாதப் பத்திரத்தின் வாசகங்களின் பின்னால் உற்பத்தியாளர் மறைந்துகொள்ள முடியாது என்பது அன்று உறுதியானது. அதற்கு முன்னரே, 1968 இல், அமெரிக்காவிலிருந்து வந்து மொன்றியலில் வாழ்ந்த பில் எட்மன்ஸ்ரன் என்பவர் மோட்டார் வாகனப் பாவனையாளர் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியிருந்தார். அவரும் இந்நாட்டிற்கு வெளியேயிருந்து வந்தவரே என்பது நாம் கவனிக்க வேண்டியது.

சட்டம் தூங்குபவனைத் தட்டி எழுப்புவதில்லை. கார் பழுதானவுடன், திருத்துவதற்கு முன்னர், விற்றவருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்பி, பழுதைப் பார்வையிடவும் திருத்தவும் அவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். எமது நண்பர் முதலில் திருத்திவிட்டுப் பின்னர் வருந்தியதால் அவருடைய வழக்கு வலுவிழந்தது. அறிவித்தலுக்குப் பதிலில்லையெனில், 15,000 டொலர் வரையான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் முன்வைக்கலாம். அங்கு பொதுவாக இரு தரப்பினருக்காகவும் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. பெரிய நிறுவனமும் நீங்களும் ஒரே வாங்கிலேயே அமரவேண்டும். பிரெஞ்சு அல்லது ஆங்கிலத்தில் பேசலாம். மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் உங்களுக்காக வழக்காடாது. ஆனால் மாதிரிக் கடிதங்களையும் தகவல்களையும் இலவசமாகத் தருகின்றது.

கராஜுக்குச் செல்லும்போதும் கைவசம் சில உரிமைகள் உண்டு. 100 டொலருக்கு மேற்பட்ட திருத்தத்திற்கு எழுத்து மூல மதிப்பீடு கொடுக்கப்பட வேண்டும். முன்கூட்டியே கேட்டால், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும். செய்த திருத்தத்திற்கு மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. மறுபுறம், எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகளை நாமும் பேணவேண்டும். பராமரிக்காத காருக்கு எந்தச் சட்டமும் பரிந்து பேசாது.

புதிய கார் வாங்குவோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றுண்டு. 2023 ஒக்ரோபரில் கியூபெக் சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட சட்டம், முதல் மூன்று ஆண்டுகளுக்குள், 60,000 கிலோமீற்றரைத் தாண்டுமுன், ஒரே பழுதை மூன்று முறை திருத்த முயன்றும் தீராமல் உபயோகத்திற்கு உதவாது போகும் காரைப் பாரதூரமான குறைபாடுடைய வாகனமென நீதிமன்றம் பிரகடனம் செய்ய வழி வகுத்துள்ளது.

இவையெல்லாம் இருந்தும் எம்மவர் ஏன் மௌனமாக இருக்கின்றனர்? மொழி ஒரு காரணம். அச்சம் பெரிய காரணம். அகதிக் கோரிக்கை முடிவாகாத நிலையில் நீதிமன்றப் படியேறினால் "கேஸ்" பாதிக்கப்படுமோ எனப் பலர் அஞ்சுகின்றனர். இச்சட்டம் பொருள் வாங்கிய மனிதரைப் பார்க்கின்றதேயன்றி, அவருடைய கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. விற்றவரிடம் நியாயம் கேட்பது குற்றமுமன்று.

இன்னொரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். "எங்கட ஆள்தானே" என்று பற்றுச்சீட்டின்றி வாங்கி ஏமாறுவோரும், பழுதைத் தெரிந்துகொண்டே சொந்தக்காரரின் தலையில் காரைக் கட்டுவோரும் எமக்குள்ளேயே உள்ளனர். தனியார் இருவருக்கிடையிலான விற்பனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. எனினும் மறைந்த பழுதுகளுக்கான பொறுப்பைக் குடியியற் சட்டக்கோவை விற்பவர் மீது சுமத்துகின்றது. ஊரவர் என்பதற்காக எழுத்தைக் கைவிடலாகாது. வாங்குமுன் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுவது எவரையும் அவமதிப்பதாகாது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் ஓடவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். பழுதைச் சகித்துக்கொள்ளும் திறமை எமக்குப் போதியளவு உண்டு. அன்று கேட்பதற்கு ஆளில்லாததால் சகித்தோம். இங்கே கேட்பதற்கு இடமிருக்கின்றது; கேட்காமலிருப்பதற்கான விலையை மாதந்தோறும் சீட்டுக் காசாகக் கட்டிக்கொண்டிருக்கின்றோம். அடுத்த முறை "உத்தரவாதம் முடிந்துவிட்டது" என்று ஒருவர் கூறினால், தலையாட்டாமல் வீடு திரும்புங்கள். அன்றிரவே ஒரு கடிதம் எழுதுங்கள்.