பழியும் மன்றமும்: கிரேக்க அவலநாடகங்களின் புதிய நாவல் வடிவங்கள் குறித்து

கிரேக்க அவலநாடகங்களை நாவலாக மாற்றியெழுதுதல் அண்மைக் காலத்து ஆங்கில நூலுலகில் ஒரு பெருவழக்காகிவிட்டது. கோல்ம் தொபீனின் 'ஹவுஸ் ஒவ் நேம்ஸ்' (2017), ஜெனிபர் செயின்ற்றின் 'எலெக்ரா' (2022), கொஸ்தான்சா கஸாற்றியின் 'கிளைற்றம்னெஸ்ரா' (2023), பற் பார்க்கரின் 'த வொயேஜ் ஹோம்' (2024) ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொண்டன. ட்றோய்ப் போருக்குச் செல்லும் கப்பல்களுக்குக் காற்று வேண்டி அகமெம்னன் தன் மகள் இபிஜீனியாவைப் பலியிடுகிறான். பத்தாண்டுகளின் பின் வென்று மீண்ட அவனை மனைவி கிளைற்றம்னெஸ்ரா கொல்கிறாள். அவளை மகன் ஒரெஸ்ரஸ் கொல்கிறான்.

இத்தகைய நாவல்கள் பெண்ணுக்குக் குரல் அளித்தன என்பதே இவற்றுக்குச் சூட்டப்படும் புகழாரம். மூலத்தைப் படியாதோரே இதனை முழுமனத்துடன் ஏற்பர். கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்ரியா' முந்நாடகத் தொகுதியில் கிளைற்றம்னெஸ்ரா ஊமையல்லள். கணவனின் பிணத்தருகே நின்று, 'நானே செய்தேன்' என்னும் துணிவோடு நகரின் முதியோர்முன் வழக்குரைக்கிறாள். அவளுக்கு ஈடாகப் பேசவல்ல ஆண்பாத்திரம் அந்நாடகத்தில் இல்லையென்றே கூறலாம்.

வேறுபாடு அவள் பேசுகிறாளா என்பதில் இல்லை. யாரிடம் பேசுகிறாள் என்பதிலேயே உள்ளது. நாடகத்தில் அவள் முன் நிற்பது பாடற்குழு. அம்முதியோர் அவளை மறுக்கின்றனர், கடிகின்றனர், அவள் கூற்றில் நியாயம் உண்டோ எனத் தடுமாறுகின்றனர். அரசனின் மரண ஓலம் கேட்கும்போது உள்ளே புகுவதா, பொறுத்திருப்பதா என ஒருவர்பின் ஒருவராக வாதிட்டுக்கொண்டு நிற்கும் அவர்களைக் கையாலாகாதோர் என நகைப்பது எளிது. ஆயினும் அக்கொலை ஊரின் முன்னிலையில், ஊருக்கு உரிய விடயமாக நிகழ்கிறது. தொபீனும் செயின்ற்றும் அவளைத் தன்மையிற் பேசவைக்கின்றனர். கேட்பவன் வாசகன் மட்டுமே. அவனோ மறுத்துரைக்க வழியற்றவன். மகளை இழந்த தாயின் துயரம் பக்கம் பக்கமாக விரியும்போது, கொலை ஒரு மனநிலையின் இயல்பான முடிவாக மாறிவிடுகிறது. கஸாற்றியின் நாவல் படர்க்கையில் அமைந்ததாயினும் அதன் பரிவும் இதே திசையிற்றான் செல்கிறது. துயரமே நியாயமாகுமெனின் ஒன்று கேட்கலாம். போர்க்கைதியாக வந்த கசாந்திராவையும் நாடகத்திலே அவள்தான் கொல்கிறாள். அப்பெண் செய்த குற்றம் யாது?

தொகுதியின் மூன்றாம் நாடகத்திற்கு நேர்ந்த கதி இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே தாயைக் கொன்றவனைப் பழிவாங்கும் அணங்குகள் ஏதென்ஸ் வரை துரத்துகின்றன. அதீனா குடிமக்களைக் கொண்டு அரியோபாகஸ் மன்றத்தை நிறுவுகிறாள். வாக்குகள் சமனாகப் பிரிய, ஒரெஸ்ரஸ் விடுதலை பெறுகிறான். இது பழங்கதையை அலங்கரிக்கச் சேர்த்த காட்சியன்று. சில ஆண்டுகளுக்கு முன்னரே, கி.மு. 462–461 அளவில், எபியால்ற்றீஸ் என்பான் அம்மன்றத்தின் அரசியல் அதிகாரங்களைப் பறித்து, கொலைவழக்குகளையே பெரும்பாலும் அதற்கு விட்டுவைத்தான்; பின்னர் கொலையுண்டான். பழிக்குப் பழி தம் நகரைத் தின்றுவிடுமோ என்னும் அச்சம் அன்றைய பார்வையாளருக்குப் புராணச் செய்தியாக இருந்திருக்க முடியாது. 'ஹவுஸ் ஒவ் நேம்ஸ்' நாவலிலோ தெய்வங்கள் விடைபெற்றுவிட்டன. ஒரெஸ்ரஸைத் துரத்தும் அணங்குகளும் இல்லை, விசாரிக்கும் மன்றமும் இல்லை. எஞ்சுவது அரண்மனைத் தாழ்வாரங்களின் மௌனம். கஸாற்றியோ அகமெம்னனின் கொலையோடு ஏறத்தாழக் கதையை முடித்துக்கொள்கிறார். பழியின் இனிமை மட்டும் வாசகனுக்கு; அதன் வட்டி எவருக்கோ.

ஈஸ்கிலஸின் தீர்ப்பு மாசற்றது என நான் வாதிடவில்லை. தாய் உண்மையான பெற்றோரல்லள், தந்தையின் வித்தைப் பேணுபவளே என அப்பலோ வாதிடுகிறான். தாயின்றித் தந்தையிடமிருந்து பிறந்த அதீனா ஆண்பாலின் பக்கமே தன் வாக்கை இடுகிறாள். இந்த அநீதியை இன்றைய நாவலாசிரியர் ஏற்க மறுப்பது முற்றிலும் சரி. தீர்ப்பு பிழையெனின் அதனை அம்மன்றத்திலேயே எதிர்த்து வழக்காட வேண்டும். இவர்களோ மன்றத்தையே இடித்துவிட்டு, பாதிக்கப்பட்டவளின் கையில் வாளைத் திருப்பிக் கொடுத்து, அதனை விடுதலை என்கின்றனர்.

நாவல் தனிமனித அகத்தின் கலை, பொதுமன்று அதற்கு ஒவ்வாது எனச் சிலர் விடையிறுப்பர். கமிலா ஷம்சியின் 'ஹோம் பயர்' (2017) இவ்விடையைப் பொய்ப்பிக்கிறது. சொபொக்கிளிஸின் 'அன்ரிகனி'யை அவர் பிரித்தானியாவின் பாகிஸ்தானிய வழிக் குடும்பமொன்றில் வைத்தார். சகோதரனின் உடலைத் தாய்மண்ணுக்குக் கொணரப் போராடும் பெண்ணும், குடியுரிமையைப் பறிக்கும் உள்துறை அமைச்சரும் அங்கே நேருக்குநேர் நிற்கின்றனர். சட்டம், ஊடகம், நாடாளுமன்றம் யாவும் கதைக்குள் வருகின்றன. அந்நாவலின் முடிவு எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. எனினும் அரசை அது வீட்டுவாசலில் நிறுத்திவிடவில்லை.

பார்க்கர் இவ்விரு சாராருக்கும் இடையில் நிற்கிறார். ஈஸ்கிலஸின் இரண்டாம் நாடகத்திலே பாடற்குழுவாக வருவோர் அரண்மனை அடிமைப் பெண்கள். பார்க்கரும் தம் கதையின் பெரும்பகுதியைக் கசாந்திராவின் பணிப்பெண்ணாகிய ரிற்சா என்னும் அடிமையின் வாயிலாகவே சொல்கிறார். அரச குடும்பத்தின் பழிக்கணக்கில் அவளுக்குப் பங்கில்லை. அதன் குருதியைக் கழுவும் வேலை மட்டும் அவளைப் போன்றோருக்கு உண்டு. ஆகவே அவள் கண்ணுக்கு எந்தக் கொலையும் புனிதமாகத் தோன்றுவதில்லை. அவளை ஒருத்தியாகவன்றி ஒரு கூட்டமாகப் பேசவைக்கும் துணிவே பார்க்கரிடம் குறைந்தது.