தடுப்பூசியும் எம் துணிபும்

தைராய்டுச் சுரப்பி மிகைபடச் சுரக்கும் நோய்க்கு யாம் கார்பிமசோல் மாத்திரை உண்டு வருகின்றோம். இவ்வாண்டு இன்புளுயன்சாத் தடுப்பூசி இட்டுக்கொள்ளலாமோ என ஐயுற்றபோது, "நோயுற்ற உடம்பிற்கு இன்னுமொரு சுமை ஏன்?" என்றனர் விடுதித் தோழர். அன்பினாற் கூறினர், எனினும் ஆராயுமிடத்து அக்கூற்று நிலைபெறாது. ஊசியிலுள்ளவை செயலிழந்த கிருமிக் கூறுகளே. அவை இன்புளுயன்சாவை விளைவிக்கமாட்டா. கைவலியும் சிறு காய்ச்சலும் ஓரிரு நாளில் நீங்கும்.

யாம் உண்ணும் மாத்திரையோ, அரிதாக, குருதியின் வெள்ளணுக்களைப் பெரிதும் குறைத்துவிடும். அதன் முதற்குறி காய்ச்சலும் தொண்டைநோவும். இன்புளுயன்சாவின் குறிகளும் அவையே. ஒன்றை மற்றொன்றென மயங்கின் உயிர்க்கே இடராம். அம்மயக்கம் நேரும் வாய்ப்பைத் தடுப்பூசி குறைக்கும். ஆதலின் மருத்துவரை வினவி இட்டுக்கொண்டோம்.

ஊசி இட்டபின்னரும் தொண்டைநோவுடன் காய்ச்சல் வரின், அன்றே குருதிச் சோதனை செய்தல் வேண்டும். அச்சம் வேண்டுவதே, நண்பர்காள். ஆயின் அஃது உரிய இடத்தில் நிற்றல் வேண்டும்.