கருவி செய்த கைகள்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவதற்குப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகை போதும். ஊர்த் தச்சரே அதைச் செய்து கொடுத்துவிடுவார். இந்த உப்போடு துப்பாக்கிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம். 1930-ம் வருஷம் ஜனவரியில் காந்தி மகான் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி ஒழியவேண்டும் என்பது ஒன்று. தற்காப்புக்காக ஜனங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும் என்பது மற்றொன்று. அஹிம்சையையே விரதமாகக் கொண்டவர் ஏன் இதைக் கேட்டார்? இரண்டு சட்டங்களும் ஜனங்களின் கைகளைக் கட்டிப் போட்டிருந்தன என்பதனால்தான்.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டும் தடுக்கவில்லை, செய்வதையும் குற்றமாக்கிற்று. அதனால் நலிந்தது ஓர் அரிய தொழில். வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிக்குத் தொழிற்சாலை தேவையில்லை. கொல்லன் உலையே போதும். இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் சுற்றிக் காய்ச்சி அடித்துக் குழலாக்குவார்கள். தஞ்சைக் கோட்டையில் இன்றும் கிடக்கும் சுமார் 25 அடி நீளப் பீரங்கியைப் பாருங்கள்! பதினேழாம் நூற்றாண்டில் நம் கொல்லர்கள் அதை வார்த்துச் செய்யவில்லை. இரும்புப் பட்டைகளை அடுக்கி, வளையங்களால் இறுக்கி அடித்தே செய்தார்கள்.

இத்தகைய தொழிலில் துப்பாக்கியைவிட அதைச் செய்யும் கருவிகளே அதிசயமானவை. அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்னும் ஊரில் வாலஸ் கஸ்லர் என்பவர் பழைய முறையில் ரைபிள் செய்ததைச் சினிமாப் படமாக எடுத்திருக்கிறார்கள். குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டுவதற்கு அவர் உபயோகித்தது, திருகுப் பள்ளம் செதுக்கிய ஒரு மர உருளைதான். அது திரும்பத் திரும்ப, கோலின் நுனியிலுள்ள சிறு எஃகுப் பல்லும் உடன் திரும்பி இரும்பைச் சுரண்டும். பல் இன்னும் ஆழமாகப் பதியவேண்டுமானால் அதன் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகினால் போதும். கண்ணும் கையும் பழகியவனுக்குக் காகிதமே அளவுகோல்!

1947-ல் உப்பு வரி நீங்கிற்று. உப்பளத்தில் வேலை இடைவிடாது நடந்து வந்ததால் அந்தக் கைப்பழக்கம் பிழைத்தது. துப்பாக்கிக் கொல்லருக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. கையை விட்டு நீங்கிய தொழிலைச் சட்டத்தை மாற்றித் திரும்ப வரவழைக்க இயலாது.

ஆயுதம் பெருகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும் லைசென்ஸ் முறையை வைத்திருப்பது நியாயமே. மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. அங்கே வெடிச் சத்தம் கேளாதிருப்பதே நலம். ஆனால், தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்ளும் அறிவு துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல. கலப்பைக்கும், பூட்டுக்கும், உப்பு வாரும் பலகைக்கும் அதுவே தாய். சென்னை மியூசியத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் குழந்தைகளுக்குக் காட்டும் பெற்றோர்கள், "இதைச் சுட்டவர் யார்?" என்பதோடு நிறுத்தாமல், "இதை எந்தக் கருவியால் செய்தார்கள்?" என்றும் கேட்கட்டும். ஊரில் தம் உளியைத் தாமே அடித்துக்கொள்ளும் கொல்லர் ஒருவர் இருந்தால், அவர் பட்டறைக்கும் ஒரு நாள் அழைத்துச் செல்லட்டும்.