படம் பிடியுங்கள், பறவையை விரட்டாதீர்கள்!

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் ரெயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். மேல்மருவத்தூரைத் தாண்டி ஒலக்கூர் வரும்போது வெளியே பாருங்கள். மின்சாரக் கம்பியில் இரட்டைவால் குருவி உட்கார்ந்திருக்கும். நெல் வயலில் கொக்குகள் நிற்கும். பனங்காடை சிறகை விரித்தால் அதன் நீலம் கண்ணைப் பறிக்கும். காசு செலவில்லாத காட்சி இது!

இப்போது பெரும்பாலோர் கையில் செல்போன் இருக்கிறது. அதுவே காமிரா. போகிற வழியில் பறவைகளைப் படம் பிடிக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். துப்பாக்கியால் குறி பார்ப்பதைவிட காமிராவால் குறி பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால், படத்துக்காகப் பறவையைப் படுத்தும் பாடு சரியா?

பாட்டி கேட்ட கேள்வி

மழைக்காலம் முடிந்த சமயம். ஒலக்கூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். நத்தைகுத்தி நாரைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. காரில் வந்த வாலிபர் ஒருவர் இறங்கினார். பறவைகள் பறப்பது போல் அவருக்குப் படம் வேண்டுமாம். ஒரு கல்லை எடுத்து வீசினார். அவ்வளவுதான்! கூட்டம் முழுவதும் பதறி எழுந்தது.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி அவரைப் பார்த்தாள். "ஏன் தம்பி, இலையிலே உட்கார்ந்தவனை எழுப்பி விடலாமா?" என்று கேட்டாள்.

வாலிபரிடம் பதில் இல்லை. நம்மிடம் இருக்கிறதா?

"ஒரு கல்தானே" என்று சிலர் சொல்லலாம். இவர் போனதும் இன்னொருவர் வருவார். அவரும் ஒரு கல் எறிவார். பறவை எப்போது பசியாறும்?

கூடு கட்டும் காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். கொளுத்தும் வெயிலில் முட்டை கெட்டுப்போகும். இல்லாவிட்டால் காகம் கொத்திக்கொண்டு போய்விடும். ஒரு படத்துக்கு ஒரு குஞ்சு விலையா?

சிலர் செல்போனில் பறவையின் குரலை ஒலிக்க விடுகிறார்கள். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து, அந்தப் பறவை தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறது. இது ஏமாற்று வேலை.

வேடந்தாங்கல் காட்டிய வழி

ஒலக்கூருக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கம் இருக்கிறது வேடந்தாங்கல். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்க உத்தரவு போட்டார்.

ஊர் மக்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு அதுவே உரம். பறவைகள் ஊரை வாழவைத்தன. ஊர் பறவைகளைக் காத்தது.

உலகத்து முக்கிய நீர்நிலைகளுக்கு 'ராம்சார்' பட்டியல் என்று ஒன்று உண்டு. 2022-ல் வேடந்தாங்கல் அதில் இடம் பெற்றது. ஒலக்கூருக்குத் தென்கிழக்கே மரக்காணம் பக்கம் உள்ள கழுவெளியும் 2021-ல் சரணாலயம் ஆனது. 2024-ல் அதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவை பார்க்கப் போகிறவர்களின் கூட்டம் இனிக் கூடும். பொறுப்பும் கூட வேண்டாமா?

தூரத்தில் நின்று பாருங்கள். மேயும் பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அதுதான் எல்லைக்கோடு. இரண்டடி பின்வாங்குங்கள். கூட்டின் அருகே போகாதீர்கள். கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பொறுமையாக இருந்தால் பறவை தானாகவே பறக்கும். அப்போது எடுங்கள் படம். இல்லாவிட்டால் கண்ணால் பார்த்ததே போதும்!

வேடந்தாங்கல் மக்கள் துப்பாக்கியைத் தடுத்தார்கள். நாம் கையில் எடுத்த கல்லைக் கீழே போடக் கூடாதா?