வழக்காடுவோன் குற்றவாளியா?

கள்வனுக்கு வாதாடுபவனும் கள்வனே என்பது தேநீர்க்கடைத் தருக்கம். அது தேநீர்க்கடையோடு அமைந்திருப்பின் மறுத்துரைக்கும் தேவை எழாது. கற்றோரும் அதனை வாய்விட்டும் வாய்மூடியும் ஏற்றுக்கொண்டனர் என்பதற்குப் புத்தளம் சான்று.

சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரல் 14 அன்று தம் இல்லத்தில் வைத்துக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தாரால் கைதுசெய்யப்பட்டார். 2018இல் பாராளுமன்றக் கலைப்பை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்றில் வாதாடியோருள் அவரும் ஒருவர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுதாரிகள் இருவரின் தந்தையார் ஒருகாலத்தில் அவருடைய கட்சிக்காரர். அவ்வளவே போதுமானதாயிற்று, குண்டுவெடிப்போடு அவர் பெயர் பிணைக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து மாதங்களின் பின்னரே நீதவான் முன் நிறுத்தப்பட்டார். ஈற்றில் புத்தளம் மேல் நீதிமன்றில் தாக்கலான குற்றப்பத்திரமோ குண்டுவெடிப்பைப் பற்றியதன்று; கரைத்தீவு மத்ரசா ஒன்றில் சிறுவர்க்கு ஆற்றியதாகக் கூறப்படும் உரையைப் பற்றியது. (கிழக்கிலங்கைக் காரைதீவோடு இவ்வூரை மயக்குதல் வேண்டா.) பொய்ச்சாட்சி கூறுமாறு தம் பிள்ளைகள் வற்புறுத்தப்பட்டதாகப் பெற்றோர் சிலர் அதற்கு முன்னரே உயர் நீதிமன்றை நாடியிருந்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கியது 2022 பெப்ரவரியில். அதற்குள் இருபத்திரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன!

‘ஐயம் இருந்தபடியால்தானே பிடித்தார்கள்’ என்பர் சிலர். ஐயத்தை ஆராய்வதற்கன்றோ நீதிமன்றம் உளது? நீதிமன்றில் ஒருவர்க்காகப் பேசும் வாயையே முதலில் அடைத்துவிட்டு ஆராய்ச்சி எங்ஙனம் நிகழும்? கட்சிக்காரரின் கொள்கையைச் சட்டத்தரணியின் தலையில் ஏற்றலாகாது என 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு வகுத்த கோட்பாடும் உண்டு.

1976இல் அமிர்தலிங்கம் முதலானோர் ஜூரிகளின்றி விசாரிக்கப்பட்ட ‘ட்ரயல் அட் பார்’ வழக்கில், நெடுங்காலம் எதிரெதிர் அணிகளில் நின்ற செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் எதிரிகளின் பக்கம் ஒருங்கே தோன்றினர். தமிழ் மேடைகள் அதனை இன்றும் பெருமையோடு நினைவுகூரும். அம்மேடைகளிற் பல 2020இல் ஊமையாயின. கைதானவர் முஸ்லிம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் காண்டல் அரிது.

தமிழ் பயில்வோர் நாணவேண்டிய செய்தி இன்னுமொன்று. அதே மாவட்டத்தில் ஆசிரியராயிருந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். குற்றச்சாட்டின் மூலப்பொருள் அவருடைய ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூல். மொழிபெயர்ப்பின் வழியே அதில் தீவிரவாதம் கண்டனர். தமிழில் வாசித்தவர்களோ வன்முறைக்கு எதிரான குரலையே கேட்டனர். ஆயினும் அதனை எடுத்துச் சொன்ன தமிழ்த்துறைகள் எத்தனை? 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்றரை ஆண்டுகள்!

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமே இவற்றின் வேர். சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது. இச்சட்டத்தின் 16ஆம் பிரிவிலோ உதவி அத்தியட்சகர் முன்னிலையில் அளித்தது செல்லும். அது தானாக அளிக்கப்பட்டதன்று என நிறுவும் சுமை எதிரியின் மேலது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்சவரம்பைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. 16ஆம் பிரிவை அது தொடவில்லை.