சர்க்காருக்குச் சிறு தொழில்காரன் கடன் கொடுப்பதா?

சர்க்கார் என்பது வரி வாங்குகின்ற ஒரு ஸ்தாபனம் என்று மாத்திரமே நம்மவர்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். ஆனால் அதுவே நாட்டில் மிகப் பெரிய வாடிக்கைக்காரனுமாகும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, போலீசாரின் பூட்ஸ், ரயில் பெட்டியின் திருகாணி, காகிதம், விளக்கு ஆகிய எல்லாவற்றையும் அது விலைக்குத்தான் வாங்குகின்றது. அந்த விலைப் பணமோ, தீப்பெட்டி வாங்குகின்ற ஏழையும் சேர்ந்து கொடுத்த வரிப்பணம். அப்படியிருக்க, அதில் ஒரு பங்கு சிறு பட்டறைக்காரனுக்கும் போய்ச் சேரவேண்டுமென்பது பிச்சையா, பாத்தியதையா என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

பாத்தியதைதான் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டாய்விட்டது. 2012-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் போட்ட கொள்முதல் உத்திரவானது, மத்திய இலாக்காக்களும் மத்திய சர்க்கார் ஆலைகளும் தாங்கள் வாங்கும் சரக்கில் நூற்றுக்கு 20 பங்கைக் குறுந்தொழில், சிறு தொழில்காரர்களிடம் வாங்கவேண்டும் என்றது. 2018-ல் அது 25 ஆக உயர்த்தப்பட்டது. அந்த 25-க்குள்ளேயே தாழ்த்தப்பட்டவர்களும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு 4, பெண்கள் நடத்துபவைகளுக்கு 3 என்று வைக்கப்பட்டிருக்கின்றது. டெண்டர் பாரத்துக்குக் காசு இல்லை. டெண்டரோடு கட்டும் முன் ஜாமீன் தொகையும் இல்லை. ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய்க்குக் குறைந்த விலை கேட்டிருந்து, சிறு தொழில்காரன் 115 ரூபாய் வரையில் கேட்டிருந்தாலும், அவன் 100 ரூபாய்க்கு இறங்கி வர ஒப்புக்கொண்டால் நூற்றுக்கு 25 பங்கு ஆர்டர் அவனுக்குக் கிடைக்கலாம்.

இதைக் கேட்டவுடன் சில பெரிய மனிதர்கள், "இதென்ன சலுகை? தகுதியும் திறமையும் என்னாவது?" என்று கூப்பாடு போடுகின்றார்கள். உத்தியோகத்தில் பங்கு கேட்டபோது கேட்ட அதே பழைய பல்லவி! நாம் கேட்கின்றோம்: விலையும் 100, பெரியவன் சரக்கைச் சோதிக்கும் அதே சோதனைதான் சிறியவன் சரக்குக்கும் என்றால், இதில் தகுதி எங்கே கெட்டுப்போயிற்று? திருச்சிக்குப் பக்கத்தில் பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி எழுந்த சிறு பட்டறைகளைப் போய்ப் பார்த்தால், வாய்ப்புக் கிடைத்த இடத்தில் திறமை தானாக வளருமென்பது விளங்கும்.

இது நிற்க. காகிதத்தில் பங்கு வைத்ததனாலேயே காரியம் ஆகிவிடுமா? சிறு தொழில் என்பதற்கே 2025 ஏப்ரல் முதல் உள்ள கணக்கு, வருஷத்திற்கு 100 கோடி ரூபாய் வரை வியாபாரம் என்பதாகும். அந்த 100 கோடிக்காரனும், ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்குக் கூலி கொடுப்பவனும் நுழைவதற்கு ஒரே வாசல்! அதுவுமன்றி, "முன்னமே இவ்வளவு சப்ளை செய்திருக்க வேண்டும், இவ்வளவு வரவு செலவு காட்டவேண்டும்" என்கின்ற நிபந்தனைகள். இவற்றைச் சிறு தொழிலுக்குத் தளர்த்தலாம் என்று சர்க்கார் சொல்லியிருக்கின்றது. ஆனால் அந்தத் "தளர்த்தலாம்" என்பதிலுள்ள "லாம்" என்ற இரண்டு எழுத்துக்குள்ளேயே எத்தனையோ பேருடைய பிழைப்பு சிக்கிக் கிடக்கின்றது.

தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் வைத்த அந்த 4 பங்கோ பல வருஷங்களில் எட்டப்படவே இல்லை. தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைக்கின்ற கை ஒரு ஜாதி, செருப்பைச் சப்ளை செய்து பணம் வாங்குகின்ற கை வேறு ஜாதி என்று இருக்கும் நாட்டில், ஈடு காட்டச் சொத்தில்லாதவனுக்குப் பாங்கியில் கடன் பிறக்காத நாட்டில், உத்திரவு மாத்திரம் என்ன செய்யும்?

இவ்வளவையும் தாண்டி ஒருவன் சரக்கைக் கொடுத்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பிறகுதான் பெரிய கொடுமை ஆரம்பமாகின்றது. பில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக மாதங்கள் ஆகின்றன. கூலியாட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டுமே! மனைவியின் நகை அடகுக்குப் போகின்றது. மீட்டர் வட்டிக்காரன் வீட்டுக்கு வருகின்றான். இதன் அர்த்தம் என்ன? வட்டிக்குக் கடன் வாங்கிய ஏழை, வட்டியில்லாமல் சர்க்காருக்குக் கடன் கொடுத்திருக்கின்றான் என்பதுதானே!

நமது ஆளோ இதற்கு ஜோசியனிடம் போகின்றான். அவன் ஏழரை நாட்டுச் சனி என்று சொல்லி ஐம்பதோ நூறோ வாங்கிக்கொள்கின்றான். தோழர்களே! சனி ஆகாயத்திலில்லை, கையெழுத்தாகாமல் கிடக்கின்ற காகிதக் கட்டில் இருக்கின்றது. அதற்குப் பரிகாரம் எள் விளக்கு அல்ல, 2006-ம் வருஷத்துச் சட்டம். உற்பத்தி செய்யும் சிறு தொழில்காரனிடம் சரக்கு வாங்கியவன், சர்க்காரானாலும் கம்பெனியானாலும், எழுத்து மூலம் எவ்வளவு தவணை போட்டிருந்தாலும், சரக்கை ஒப்புக்கொண்டதிலிருந்து 45 நாளைக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது என்கின்றது அச்சட்டம். தவறினால் ரிசர்வ் பாங்கியின் பாங்கு வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாகக் கொடுக்கவேண்டும். பாங்கு வட்டி 6 என்றால் இவனுக்கு 18. தகராறைத் தீர்க்க மாநிலந்தோறும் கவுன்சில் இருக்கின்றது. அங்கே தோற்றவன் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முதலில் கட்டவேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் கேட்பதில்லை? ஒரு காரணம் அறியாமை. இயந்திரத்துக்கு வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கத் தவறாதவன், ஒரு காசும் செலவில்லாத "உத்யம்" பதிவைச் செய்துகொள்ளத் தவறிவிடுகின்றான். அந்தப் பதிவில்லாவிட்டால் மேலே சொன்ன பாத்தியதைகளைக் கேட்க வழியில்லாமல் போகும். மற்றொரு காரணம் பயம். கவுன்சிலுக்குப் போனால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம். இது பொய்ப் பயம் என்று நாம் சொல்ல வரவில்லை. பயந்தவனைப் பார்த்து "நீயே போய் வழக்காடு" என்று சொல்லிவிடுவது நியாயமா என்றுதான் கேட்கின்றோம்.

ஆகவே நாம் வேண்டுவதாவது: 46-வது நாள் முதல் வட்டியானது, கேட்காமலே அசலோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். தாமதித்தவர் எந்த உத்தியோகஸ்தர் என்பது எழுதி வைக்கப்பட வேண்டும். பெரிய ஆர்டர்களைச் சிறியவன் தூக்கக்கூடிய அளவுக்குப் பிரித்து விடவேண்டும். 25 பங்கிலும் குறுந்தொழிலுக்கு எவ்வளவென்று தனியே வரையறுக்க வேண்டும். மாநில இலாக்காக்களும் நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் இதே முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

தொழில்காரத் தோழர்கள் தனித்தனியே பயப்படுவதை விட்டு, ஒரு பேட்டையிலுள்ள எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பார்களானால், யாருடைய ஆர்டரைத்தான் ரத்து செய்ய முடியும்? சர்க்கார் நமது பிரபுவுமல்ல, நாம் அதன் அடிமையுமல்ல. அது வாங்குகின்றவன், நாம் விற்கின்றவர்கள். வாங்கியதற்குப் பணம் கேட்பதற்குக் கை கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.