நாய் இனங்களும் கலப்பு விருத்தியும்

நார்வே தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு 2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வழங்கிய தீர்ப்பொன்று, நாய் வளர்ப்போரிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. இருதய வியாதியும், மூளைக்கு இடம் போதாத மண்டையோடும் பரம்பரையாக இறங்கிவரும் ‘கவாலியர்’ என்னும் சிறு நாயைத் தன் இனத்துக்குள்ளேயே விருத்தி செய்வது அந்நாட்டு மிருக நலச் சட்டத்துக்கு விரோதம் என்பதே அத்தீர்ப்பு. வேற்று இனத்தோடு கலந்து நோயைக் குறைக்க முயல்வதை அது தடுக்கவில்லை. கலந்தால் இனம் கெட்டுப்போகும் என்று கூக்குரலிடுவோருக்கு இது கசப்பு மருந்தேயாகும்.

அன்னவர் டால்மேஷியன் நாயின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிப்பார்களாக. புள்ளிகளின் அழகுக்காகவே போற்றி வளர்க்கப்பட்ட அந்த இனத்தில், யூரிக் அமிலத்தைச் சரிவர மாற்றி வெளியேற்றும் ஜீன், சுத்த வம்சத்து நாய்கள் அனைத்திலும் பழுதுபட்டிருந்தது. அதனால் மூத்திரப் பையில் கல் விழுந்து, நீர் அடைபட்டுத் துன்புற்றவை பல. இனம் முழுவதும் இழந்துவிட்ட பொருளை அவ்வினத்துக்குள்ளேயே தேடினால் எங்ஙனம் கிட்டும்? 1973-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்னும் விஞ்ஞானி, ‘பாயிண்டர்’ நாயொன்றை ஒரே ஒரு முறை கலந்தார். பின்னர் பிறந்த குட்டிகளில் நல்ல ஜீனுடையவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, தலைமுறைதோறும் டால்மேஷியனோடேயே சேர்த்து வந்தார். அந்த ஜீன் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குறை நீங்கிவிடும். சில தலைமுறைகளில் உருவத்தில் டால்மேஷியனாகவும் யூரிக் அமிலத்தில் ஏனைய நாய்களைப் போலவும் உள்ள குட்டிகள் கிடைத்தன. இதற்குச் சன்மானம் யாது? 1981-ல் இரு நாய்களைப் பதிந்த அமெரிக்கன் கென்னல் கிளப், இனச் சங்கத்தாரின் எதிர்ப்பினால் மேற்கொண்டு பதிய மறுத்தது. அக்கதவு மீண்டும் திறந்தது 2011-ல்தான். முப்பது வருஷ காலம் சுகமுள்ள நாய் அந்நியன். கல்லுள்ள நாயே குலக்கொழுந்து! வம்சப் பெருமை மனிதரை மட்டுமன்று, அவர்தம் நாய்களையும் விட்டபாடில்லை.

ஆயினும் கலப்பு என்ற பெயரே ஔஷதமாகிவிடாது. லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து 1989-ல் ஆஸ்திரேலியாவில், குருடருக்கு வழிகாட்டவென்று குட்டிகள் உண்டாக்கப்பட்டன. நாளடைவில் அது வியாபாரச் சரக்காயிற்று. லண்டன் ராயல் மிருக வைத்தியக் கல்லூரியார் 2024-ல், இத்தகைய மூன்று கலப்பினங்களை அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டபோது, நூற்றுக்கு 86-க்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் வித்தியாசமே காணப்படவில்லை. இரு பெற்றோரிடத்தும் ஒரே பழுது இருக்குமாயின், குட்டியும் அதற்கு வாரிசாகும். ஷைபிள் பரீட்சித்துத் தெரிந்தெடுத்தார். வியாபாரியோ சுருட்டை மயிரைக் காட்டி விலை கூறுகிறான். வாங்குவோர், பெற்றோர் இரண்டின் பரிசோதனைச் சான்றையும் கேட்காமல் பணத்தை எண்ணிவைத்தால், இந்த வியாபாரம் திருந்துவதற்கு ஒரு காரணமும் இராது.